ஒதுக்கி வைத்த பெட்டி

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பை எபி ஒரே இழுப்பில் பிய்த்தார். உள்ளே முதலில் தெரிந்த அட்டையைப் பார்த்ததுமே பெட்டி மாறிவிட்டது என்று டெபோராவுக்குப் புரிந்துவிட்டது. மண்டையோட்டின் கண்குழியிலிருந்து தலைவிரி கோலமாக ஒரு பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டிய பெட்டி இது. இதைத்தான் தேவாலயத்தின் காலை ஆராதனையில் பீடத்தின் முன்னால் வைத்து, ஆயர் இரண்டு கைகளையும் நீட்டி ஜெபித்திருக்கிறார்.

எபிக்குத் தொழில் இன்ஷூரன்ஸ். சபையார் காணிக்கையாகப் படைக்கும் பொருள்களை விற்கிற அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால் அந்தச் சபையில் வேறு யார் கையிலும் மைக் போகாது. அவர் புத்தகத்தை வெளியே எடுத்து, ஷாமியானாவின் கடைசி வரிசைக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"அன்பான சபையாரே! டெபோரா அக்கா நமக்காக ஆவிக்குரிய புத்தகம் கொண்டு வந்திருக்காங்க. சும்மா இல்லை, நிஜமான ஆவி!"

சிரிப்பு எழுந்தது. முன் வரிசையில் கமிட்டிச் செயலாளர் வேதசிரோமணி மட்டும் சிரிக்கவில்லை. தாம்பரத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அசெம்பிளியில் ஒரு பையனின் சட்டைப் பொத்தான் திறந்திருப்பதைப் பார்க்கிற அதே பார்வையுடன் அந்த மண்டையோட்டைப் பார்த்தார்.

டெபோரா காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு பள்ளி அறையில் சும்மா கிடந்த இரும்பு அலமாரியைக் கேட்டு வாங்கி, கதைப் புத்தகங்களை அடுக்கி, ராஜகீழ்ப்பாக்கத்துச் சபையாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கியது அவள்தான். மிஷனரி வரலாறும் தியான நூல்களும் ஏற்கெனவே ஆயர் அறையில் தூசி படிந்து கிடந்தன. அவள் வைத்தவை கடைகளில் ஜனங்கள் வாங்குகிற நாவல்கள்: துப்பறியும் கதை, குடும்பக் கதை, சரித்திரக் கதை. ஒவ்வொன்றையும் தானே படித்துவிட்டுத்தான் அலமாரியில் ஏற்றுவாள். ஏற்றியதையும் எல்லோருக்கும் கொடுக்கமாட்டாள். குடியை விட்டு ஆறு மாதமே ஆன ஒருவர் கேட்டபோது, பாதிக் கதை பாரிலேயே நடக்கும் நாவலை, "இது இப்ப வேணாம் அண்ணா, அடுத்த வருஷம் தர்றேன்" என்று வேறொன்றை நீட்டினாள். குழந்தையைப் பறிகொடுத்த பெண்ணுக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். இந்தத் தேர்வில் அவளுக்குப் பெருமை இருந்தது. அதை அவள் மறைத்ததும் இல்லை.

வேதசிரோமணிக்கு இந்த அலமாரியே பிடிக்கவில்லை. "விசுவாசிக்கு எதுக்கு அம்மா கற்பனைக் கதை? இருக்கற நேரம் வேதம் படிக்கவே பத்தலை" என்பார். அலமாரியை மூடும் தீர்மானம் நவம்பர் கமிட்டியில் வரப்போகிறது என்று அவரே அவளிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். ஒளிவு மறைவு கிடையாத மனிதர். அதற்கு முன்னால், தன் அலமாரியில் எப்படிப்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன என்று சபை முழுவதும் பார்க்கட்டும் என்றுதான் டெபோரா ஆகச் சிறந்த நாவல்களாகப் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டு ஏலத்துக்கு அனுப்பினாள்.

அலமாரிக்கு ஆகாது என்று ஒதுக்கியவை இன்னொரு பெட்டியில் இருந்தன. இரண்டு பெட்டிகளும் ஜெயவேலு மளிகைக் கடையில் வாங்கிய ஒரே மாதிரி பிஸ்கட் அட்டைப் பெட்டிகள். காலையில் ஸ்கூட்டரை வெளியே எடுப்பதற்காக வாசலில் இருந்ததை உள்ளே நகர்த்தி, உள்ளே இருந்ததை வாசலுக்குத் தள்ளியது அவளேதான். "வாசல்கிட்ட இருக்கற பெட்டிண்ணா" என்று எதிர்வீட்டு ஜோஸ்வினிடம் முந்தைய நாளே சொல்லியிருந்தாள். ஏர்போர்ட் கார்கோவில் வேலை பார்க்கும் ஜோஸ்வின், எந்தச் சுமைக்குக் கூப்பிட்டாலும் மறுக்காமல் காரைக் கொண்டுவருபவர். அதனால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாசலில் இருந்ததை அவர் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

"நிறுத்துங்க எபி" என்று வேதசிரோமணி எழுந்தார். "யார் குடுத்த பெட்டி இது?"

டெபோரா எழுந்து நின்றாள். "நான்தான் சார். பெட்டி மாறிடுச்சு. அலமாரிக்கு வேணாம்னு நான் ஒதுக்கின புஸ்தகங்க இதெல்லாம். திருப்பி எடுத்துக்கறேன்."

"எடுத்துக்குங்க. உடனே எடுத்துக்குங்க."

"அது எப்படி சார்?" என்று பெண்கள் பக்கமிருந்து கெசியாவின் குரல் வந்தது. வெண்டைக்காய் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "போன வருஷம் என் சேவலுக்கு என்ன சொன்னீங்க? ஜெபம் பண்றதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும், பீடத்துல வெச்ச பிறகு அது உன்னுது இல்லைன்னு சொன்னீங்கல்ல? புள்ளை அழ அழ என் சேவலை நானே ஏலம் கேட்டு வூட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன்!"

ஷாமியானா குலுங்கியது. சேவலுக்கு ஒரு சட்டம், பேய்க்கு ஒரு சட்டமா என்று யாரோ கேட்டார்கள். வேதசிரோமணி ஆயரைப் பார்த்தார். ஆயர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "ஜெபம் பண்ணியாச்சே சார்" என்றார்.

வேதசிரோமணி சட்டத்தைப் போட்டவர். மீறுகிறவர் அல்ல.

"சரி. விக்கலாம். ஆனா எதை வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கட்டும். டெபோரா முன்னாடி வரட்டும். ஒவ்வொண்ணையும் ஏன் ஒதுக்கினாங்கன்னு மைக்ல சொல்லட்டும். அவங்க தெரிந்தெடுக்கற லட்சணம் என்னன்னு நாமளும் பார்ப்போம்."

அலமாரியின் கதை இங்கேயே முடிந்துவிடும் என்று அவர் நினைத்தது அவளுக்குப் புரிந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேடைக்கு நடந்தாள். பயம் இருந்தது. ஆனால் இந்தப் பெட்டியில் இருப்பதைப் பற்றி இந்த ஊரிலேயே தன்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

எபி மண்டையோட்டை நீட்டினார். அவள் வாய் திறப்பதற்குள் ஓரத்து நாற்காலியிலிருந்து சாமுண்டீஸ்வரி கையை உயர்த்தினாள். சபை நிலத்துக்குப் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவள் மாமனார் குடும்பத்துடையவை. இப்போது நான்கு கடை வாடகைக்கு விட்டிருக்கிறாள். சபையைச் சேர்ந்தவள் இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் பூசணிக்காய் ஏலம் எடுக்க முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"பேய்க் கதையா? எனக்குக் குடு எபி. நூறு ரூபா."

"பொறுங்கம்மா" என்றார் வேதசிரோமணி. பிறகு டெபோராவிடம், "நமக்கு ஆகாதுன்னு ஒதுக்கினதை அவங்களுக்கு விக்கிறது நியாயமா?" என்று கேட்டார்.

கேள்வி நல்ல கேள்வி. டெபோரா மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"பேய் வருதுன்னு இதை நான் ஒதுக்கலை சார். பேய் வர்ற கதை ஒண்ணு நம்ம அலமாரியிலேயே இருக்கு. அக்கா, இதுல ஊருக்கு வெளியே தனியா இருக்கற ஒரு விதவையைச் சூனியக்காரின்னு சொல்லி உயிரோட கொளுத்தறாங்க. கதையில அது தப்புன்னு வராது. ஜனங்க கை தட்டற மாதிரி வரும். படிக்கற நம்மையும் தட்டச் சொல்லும்."

"ஐயே! அந்தப் பொம்பளையையா கொளுத்தறான்? இன்னா பண்ணா அவ?"

"ஒண்ணும் பண்ணலை அக்கா. தனியா இருந்தா."

"த்தூ. எனக்கு வாணாம்பா. நானும் தனியாத்தான் கீறேன். பூசணிக்கா எப்ப வரும் சொல்லு."

எபி அடுத்ததை எடுத்தார். சிவப்பு அட்டை, கத்தி முனையில் ஒரு சொட்டு ரத்தம். கல்லூரிப் பெண்கள் கூட்டத்திலிருந்து ஜெரூஷா, "அக்கா, அதையா ஒதுக்கினீங்க? செம நாவல் அது! எங்க ஹாஸ்டல்ல கியூ கட்டிப் படிச்சோம்" என்று கத்தினாள். அவள் அம்மா திரும்பிப் பார்த்ததும் குரல் தாழ்ந்தது. "கொலை வருதுன்னா பைபிள்லயும்தான் வருது."

"வருது ஜெரூஷா. அடுத்தவன் மனைவிக்கு ஆசைப்பட்டு அவனையே கொல்ல வெச்ச ராஜா கதை இல்லையா? ஆனா அதுல ஒரு தீர்க்கதரிசி வந்து, தப்பு பண்ணின ஆள் நீதான்னு அரண்மனையிலேயே கேட்கறார். இதுல கேட்கறதுக்கு ஒரு ஆளும் இல்லை. செத்துப்போற பொண்ணுக்கு ஒரு பேர்கூடச் சரியா வைக்கலை. ஆனா அவ துடிக்கறதை மட்டும் பக்கம் பக்கமா எழுதியிருக்கார்." டெபோரா ஒரு கணம் நிறுத்தினாள். "வேகமான கதைதான். நானும் ஒரே மூச்சுல படிச்சேன். முடிச்சப்போ அவளுக்காக எனக்கு வருத்தம் வரலை. இன்னும் ரெண்டு பக்கம் இருந்தா நல்லாயிருக்குமேன்னு தோணுச்சு. அப்படித் தோணினதுதான் எனக்குப் பிடிக்கலை."

"அப்ப நீங்க மட்டும் படிக்கலாமா?" என்றார் வேதசிரோமணி. "நாங்க படிக்கக் கூடாததை எல்லாம் நீங்க படிச்சுப் பார்ப்பீங்க. உங்க ஆத்துமா என்ன தகரமா?"

"இல்லை சார். சிலதைப் பாதியிலேயே மூடியிருக்கேன். மூடினதைப் பத்தி எனக்கு வெட்கம் இல்லை. ஆனா யாராவது உப்பு பார்த்துத்தானே பந்தியில வைக்கணும்?"

"நம்ம பந்தியில உப்பு பார்க்கறவரோட எடையைப் பாருங்க சார், ஆபத்து புரியும்" என்று எபி தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். வேதசிரோமணியின் உதட்டோரம்கூட லேசாக அசைந்தது.

மூன்றாவது புத்தகத்தின் அட்டை வெள்ளை. பின்னால் கோபுரமும் சிலுவையும், முன்னால் முக்காடிட்ட ஒரு இளம்பெண். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. "இதுல என்ன குறை கண்டே?" என்றாள் கெசியா. "நம்ம பொண்ணு மாதிரியே இருக்கா."

"ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, கெசியா. அத்தியாயத்துக்கு ஒரு ஜெபம் இருக்கு. புருஷன் அடிக்கறான், இவ ஜெபிக்கறா. மறுபடி அடிக்கறான், மறுபடி ஜெபிக்கறா. கடைசியில ஒரு நாள் அவனாவே திருந்தி மல்லிப்பூ வாங்கிட்டு வர்றான். அதுவரைக்கும் அவ அம்மா அப்பாவோ, அவங்க ஆயரோ, பக்கத்து வீட்டுக்காரங்களோ அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. இந்தப் பெட்டியிலேயே எனக்கு ரொம்பக் கோவம் வந்தது இதைப் படிச்சுத்தான். இதை நம்பி எந்தப் பொண்ணாவது இன்னும் ஒரு வருஷம் அடி வாங்கிட்டு இருந்தா, அலமாரியில வெச்ச நான்தான் பதில் சொல்லணும்."

ஒரு சேவல் மட்டும் கூவியது. ஆயர் செருப்பிலிருந்து பார்வையை எடுத்து டெபோராவைப் பார்த்தார்.

"அக்கா" என்று எபி மைக்கை மூடிக்கொண்டு கிசுகிசுத்தார். "நீங்க மட்டும் இன்ஷூரன்ஸ் விக்க வந்தா எங்க கம்பெனியை இழுத்து மூடிடுவாங்க. ஒண்ணும் போணி ஆகலையே!"

"நானே எல்லாத்தையும் ஏலம் எடுத்துக்கறேன் எபி. சட்டப்படி இருக்கட்டும்."

"இன்னும் ஒண்ணு இருக்கே."

பெட்டியின் அடியிலிருந்து அவர் எடுத்தது மெலிந்த நீல அட்டைப் புத்தகம். அதைப் பார்த்ததும் டெபோராவுக்கு அதுவரை இருந்த தெம்பு நழுவியது. இப்படி ஒன்று அந்தப் பெட்டியில் கிடந்ததையே மறந்திருந்தாள்.

அதுவும் துப்பறியும் கதைதான். புறநகரில் ஒரு சபை. அதன் நிர்வாகத்தில் இருக்கும் மூப்பர் ஒருவர் மழை இரவில் காரால் ஒரு சைக்கிள்காரனை மோதிவிட்டு நிற்காமல் போய்விடுகிறார். போலீசுக்குத் துப்பே கிடைக்கவில்லை. அவர் வழக்கம்போலச் சபைக்கு வருகிறார், காணிக்கைப் பை எடுக்கிறார், பாடுகிறார். ஆனால் பீடத்தில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது, பாவத்தை மறைத்துக்கொண்டு அதைத் தொடத் துணியாமல் அவர் மட்டும் மாதக்கணக்கில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை. கடைசியில் அவரே போய்ச் சரணடைகிறார். அந்தப் பெஞ்சுக் காட்சிக்காகவே டெபோரா அதை இரண்டு முறை படித்திருந்தாள். அந்த வருஷம் அவள் படித்தவற்றில் ஆகச் சிறந்தது அதுதான்.

"இது ஏன்?" என்றார் வேதசிரோமணி.

ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தப்பித்துவிடலாம். கெட்ட வார்த்தை இரண்டு இடத்தில் வருகிறது என்றால் போதும், வருகிறது என்பதும் உண்மை. ஆனால் இவ்வளவு நேரம் சொன்ன எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதிலோடு மதிப்பு போய்விடும்.

"இது நல்ல புஸ்தகம் சார். தப்பு பண்ணினவர் இதுல ஒரு சபையோட மூப்பர். அலமாரியில இதைப் பார்த்தா நீங்க என்ன சொல்வீங்களோன்னு பயந்து ஒதுக்கிட்டேன். மத்ததை எல்லாம் படிக்கறவங்களுக்காக ஒதுக்கினேன். இதை எனக்காக ஒதுக்கினேன். இதை இந்தப் பெட்டியில போட்டிருக்கக் கூடாது."

வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் பெயர் படிப்பதுபோல, "இருநூறு ரூபா" என்றார்.

எபி ஒரு நொடி திகைத்தார். "இருநூறு ஒரு தரம்... யாராவது செயலாளரை எதிர்த்துக் கேட்கறீங்களா? தைரியம் இருக்கா? இருநூறு மூணு தரம்! அடுத்து சாமுண்டீஸ்வரியம்மாவோட பூசணிக்காய்!"

அடுத்த ஞாயிறு நவம்பரின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. கமிட்டி கூடுவது அதே நாள் மத்தியானம். டெபோரா நடுப்பகுதியில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல வேதசிரோமணி நடைபாதையில் நின்று, வரிசை வரிசையாகக் கையசைத்து ஜனங்களைப் பீடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு வரிசை எழுந்து போனதும் அடுத்த வரிசைக்கு நகர்வார். இது அவர் பல வருஷமாகச் செய்கிற வேலை.

கடைசி வரிசையில் கையசைத்த வேதசிரோமணி நகராமல் நின்றதை, பீடத்திலிருந்து திரும்பும்போது டெபோரா பார்த்தாள். பெஞ்சு காலியாகியிருந்தது. சுவரோரமாக ஜோஸ்வின் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். வேதசிரோமணி அவரை ஒன்றும் கேட்கவில்லை. ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் போய் அந்தப் பெஞ்சில் ஜோஸ்வினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு ஜோஸ்வின் பேசினார். வேதசிரோமணி தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டெபோரா ஞாயிறு பள்ளி அறையில் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். அவர் வரும்போது கையில் நீலப் புத்தகம் இருந்தது. பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, முதுகில் தலைப்பைப் பள்ளிக்கூட வாத்தியாரின் திருத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

"ஒரு இடத்துல கதாசிரியர் பொய்யா எழுதியிருக்கார்னு நினைச்சேன்" என்றார். "அத்தனை மாசம் ஒருத்தர் திருவிருந்து எடுக்கலை, சபையில யாருமே பார்க்கலைன்னு. நம்ம சபையில ஒரு தடவை எடுக்கலைன்னாலே தெரு முழுக்கத் தெரிஞ்சுடும்னு மார்ஜின்ல எழுதினேன். பென்சில்லதான். இன்னிக்கு அதை அழிக்கணும். ரப்பர் இருக்கா?"

டெபோரா எடுத்துக் கொடுத்தாள்.

"அஞ்சு மாசமாம். நான் பக்கத்துலயே நின்னு கையசைச்சுட்டுப் போயிருக்கேன்." ரப்பரை அழுத்தித் தேய்த்தார். ஜோஸ்வினுக்கு என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஜோஸ்வின் அவளுடைய எதிர்வீட்டுக்காரர், பெட்டி சுமக்க முந்தைய நாளே கூப்பிட்டுச் சொல்கிற அளவுக்குப் பழக்கம். அந்தப் பெஞ்சுக் காட்சியை இரண்டு முறை படித்தவள் அவள். அதே பெஞ்சு நான்கு வரிசை பின்னால் இருந்ததை அவளும் பார்க்கவில்லை.

"தீர்மானத்தை அஜெண்டாவுல இருந்து எடுத்துட்டேன்" என்றார் வேதசிரோமணி. "ஆனா அன்னிக்கு மைக்ல சொன்னீங்களே, அதை இனிமே மாசா மாசம் சொல்லணும். எதை வெச்சீங்க, எதை ஏன் வைக்கலைன்னு. பயந்து ஒதுக்கினா அதையும் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

அவர் புத்தகத்தைத் தானே மேல்தட்டில் வைத்தார். வெளியே நின்றால் தெரியும்படி முதுகை நேராக்கினார். போவதற்குத் திரும்பியவர் நின்று, "சரி, எனக்கு அடுத்து என்ன தருவீங்க?" என்று கேட்டார்.

டெபோரா தட்டுகளைப் பார்த்தாள். குடியை விட்டவருக்கு எது, குழந்தையை இழந்தவளுக்கு எது, ஹாஸ்டல் பெண்களுக்கு எது என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். இவருக்கு எது பிடிக்கும், எது வலிக்கும் என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

"உங்களை இன்னும் எனக்குச் சரியாத் தெரியாது சார். ஒரு வாரம் டைம் குடுங்க."

"அடுத்த ஞாயிறு கேட்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் கமிட்டிக்குப் போனார்.

அவள் அலமாரியைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, போன வாரம் ஏலத்துக்காக வெளியே போட்டு அப்படியே கிடந்த பெஞ்சுகளை ஜோஸ்வின் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். யாரோ கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள். டெபோரா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய், பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தாள்.

"வேணாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார் ஜோஸ்வின்.

"தூக்குங்க அண்ணா" என்றாள் அவள்.